சைக்கிள் றிம்மில் 16 மைக்: மில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் முறை

இணுவிலில் ஒரு மாவு அரைக்கிற மில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆச்சி இருக்கிறார். மத்தியானம் சற்றுச் சாய்ந்து படுக்கிற நேரம் மில் ஓடினால் அவருக்குத் தலையிடி வந்துவிடும். மில் அண்ணைக்கும் ஆச்சிக்கும் பகை ஒன்றும் இல்லை. அதனாலேயே அண்ணைக்கு மனம் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உந்த மோட்டர்தான் கத்துது. காயில் திருப்பிக் கட்டினால் சரிவருமோ?" என்று கேட்டார்.

கோண்டாவிலில் மோட்டர் காயில் கட்டுவதுதான் என் தொழில். பதினாலு வருடமாகச் செய்கிறேன். கிட்டப் போய்க் காது கொடுத்துக் கேட்டேன். என் காதும் மோட்டர் என்றுதான் சொன்னது. அன்றைக்கே கழற்றிக் கொண்டுவந்து கட்டியிருந்தால் அண்ணைக்குக் காசும் போயிருக்கும், சத்தமும் அப்படியே இருந்திருக்கும். உண்மையில் ஆச்சியை எழுப்பிய சத்தம் மோட்டரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பெல்ட்டை மூடியிருந்த தகட்டிலிருந்து வந்தது. அதைக் கண்டுபிடித்தது ஒரு பழைய சைக்கிள் றிம்மில் கட்டிய 16 மைக்குகள். அதை எப்படிச் செய்வது என்று இங்கே எழுதுகிறேன். பட்டறை வைத்திருப்பவர்களுக்கும், தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகளுக்கும் இது உதவ வேண்டும் என்பது என் ஆசை.

காதும் கையும் ஏன் போதாது

மில் கட்டடம் என்றால் சீமெந்துச் சுவர், மேலே சீற்றுக் கூரை. உள்ளே வரும் சத்தம் எல்லாப் பக்கமும் தெறித்து ஒன்றாகிவிடும். அதற்குள் நின்று எந்தப் பகுதி என்று காது பிரித்துச் சொல்வது கஷ்டம்.

கையை வைத்துப் பார்ப்பது இன்னும் மோசமாக ஏமாற்றும். நாங்கள் எல்லோரும் செய்வதுதான்: தகட்டில் உள்ளங்கையை வைப்போம், எங்கே அதிகம் நடுங்குகிறதோ அதுதான் சத்தம் போடுகிறது என்று முடிவு கட்டுவோம். ஆனால் நடுக்கம் வேறு, சத்தம் வேறு. ஒரு மெல்லிய தகட்டில் ஒரு பகுதி வெளியே தள்ளும்போது பக்கத்துப் பகுதி உள்ளே போகும். இரண்டுக்கும் இடைத்தூரம் காற்றில் அந்த ஒலியின் அலைநீளத்தைவிட மிகச் சின்னதாக இருந்தால், இங்கே தள்ளிய காற்று அங்கே போய் நிரப்பிவிடும். தகடு கைக்கு நன்றாக நடுங்கும், காதுக்கு ஒன்றும் பெரிதாக வராது. தகட்டின் ஓரத்திலும், பிடி கழன்ற இடத்திலும் அப்படி ஈடுசெய்ய ஆள் இல்லை. அங்கே சின்ன நடுக்கமும் பெரிய சத்தமாக வெளியேறும். இதை மனதில் வைத்திருங்கள், பிறகு திரும்ப வரும்.

முதலில் மீடிறன்

மைக் வாங்க ஓடவேண்டாம். முதலில் அந்தச் சத்தத்தின் மீடிறன் என்ன என்று பாருங்கள். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அதிர்வெண் என்று இருக்கும். ஒலியை மீடிறன் வாரியாகப் பிரித்துக் காட்டும் இலவச செயலிகள் போனுக்கு இருக்கின்றன, முதல் பார்வைக்கு அவை போதும். ஆளைத் தொல்லைப்படுத்தும் இடத்தில் நின்று அளக்க வேண்டும். நான் ஆச்சியின் விறாந்தையில், அவருடைய சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் நின்று அளந்தேன். இரண்டு மேடு தெரிந்தது. ஒன்று 100 ஹேர்ட்ஸில், கூரான ஊசி மாதிரி. மற்றது 1,000 தொடங்கி 1,500 ஹேர்ட்ஸ் வரை பரந்த மேடு. ஆச்சி சொன்ன "மண்டைக்குள்ள சுரண்டுற சத்தம்" இந்த இரண்டாவதுதான் என்று அவருக்கே பதிவைப் போட்டுக் காட்டி உறுதிப்படுத்தினேன்.

மீடிறன் தெரிந்தால் அலைநீளம் தெரியும். காற்றில் ஒலியின் கதி 0 பாகையில் செக்கனுக்கு ஏறக்குறைய 331 மீற்றர். ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 0.6 கூடும். எங்கள் ஊரில் காலை 27 பாகை என்றால் 347 மீற்றர், மத்தியானம் 34 என்றால் 351. சுலபத்துக்கு 350 என்று வைத்துக்கொள்ளலாம். அதை மீடிறனால் பிரித்தால் அலைநீளம். 100 ஹேர்ட்ஸ் 3.5 மீற்றர். அந்தப் பரந்த மேட்டின் நடுவான 1,250 ஹேர்ட்ஸ் 28 சென்ரிமீற்றர். 5,000 ஹேர்ட்ஸ் 7 சென்ரிமீற்றர்.

மைக் கூட்டம் ஒன்று எவ்வளவு சின்ன இடத்தைப் பிரித்துக் காட்டும் என்பதை இந்த அலைநீளம்தான் தீர்மானிக்கிறது. 1.22 ஐ அலைநீளத்தால் பெருக்கி, தூரத்தால் பெருக்கி, மைக் கூட்டத்தின் அகலத்தால் பிரியுங்கள். வருகிற நீளத்தைவிடக் கிட்டக் கிட்ட இருக்கும் இரண்டு மூலங்கள் படத்தில் ஒன்றாகத்தான் தெரியும். அகலமும் தூரமும் சமமாக இருந்தால் கணக்கே தேவையில்லை: பிரித்துக் காட்டும் அளவு ஒரு அலைநீளத்துக்குச் சற்றுக் கூட. 60 சென்ரிமீற்றர் அகலமான கூட்டத்தை 60 சென்ரிமீற்றர் தள்ளி வைத்தால் 1,250 ஹேர்ட்ஸில் 34 சென்ரிமீற்றர். "மோட்டரா, தகடா" என்று சொல்ல அது காணும். "தகட்டில் எந்த மூலை" என்று சொல்லக் காணாது. 100 ஹேர்ட்ஸில் நாலு மீற்றருக்கு மேல். முழு மில்லும் ஒரே சிவப்புப் பொட்டாகத் தெரியும், அதைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை.

இந்தக் கணக்கைச் செய்யாமல் காசு செலவழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூஎம்ஏ-16 என்ற பலகையில் 16 மைக்குகள் நாலுக்கு நாலாக, 42 மில்லிமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன. நல்ல பொருள். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் 12.6 சென்ரிமீற்றர்தான். ஒரு மீற்றர் தள்ளி வைத்து 1,250 ஹேர்ட்ஸைப் பார்த்தால் இரண்டரை மீற்றருக்கு மேல் மங்கல். அது கிட்ட வைத்து, உயர்ந்த மீடிறன் பார்ப்பதற்கான கருவி. உங்கள் சத்தத்துக்கு எது பொருந்தும் என்று சத்தத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

100 ஹேர்ட்ஸுக்கு மைக் கூட்டம் தேவையில்லை

எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மோட்டருக்குள் காந்த இழுவை மின்னோட்டத்தின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் இரண்டு தரம் உச்சத்துக்குப் போகும், அதனால் 100 ஹேர்ட்ஸ் முனகல் வரும். நாலு துருவ மோட்டர் சுமையோடு நிமிடத்துக்கு 1,440 சுற்று என்றால் சுழற்சியின் மீடிறன் 24 ஹேர்ட்ஸ். அதன் மடங்குகளில் 96 இருக்கிறது. 100க்கும் 96க்கும் இடையில் தடுமாறாமல் இருக்க ஒரு எளிய சோதனை உண்டு.

ஒலிப்பதிவை ஓடவிட்டு மெயின் சுவிட்சை இறக்குங்கள். மின்சாரத்தால் வரும் சத்தம் அந்தக் கணத்திலேயே நின்றுவிடும். பெயாரிங், பெல்ட், காற்றாடி, தட்டல் இவற்றால் வருவது சுழற்சி குறையக் குறைய இறங்கிக்கொண்டு போகும். நான் செய்தபோது 100 ஹேர்ட்ஸ் ஊசி வெட்டினாற்போல் மறைந்தது. 1,250 மேடு பத்துப் பன்னிரண்டு செக்கன் இழுபட்டு இறங்கியது. காயில் கட்டினால் இந்த மேடு போகாது என்று எனக்கு அப்பொழுதே விளங்கிவிட்டது. ஒரு சுவிட்சும் ஒரு போனும், அவ்வளவுதான் செலவு.

றிம்மைத் தயார்செய்தல்

மைக் கட்டுவதற்குப் பலரும் முதலில் ஒரு பிளைவூட் பலகையைத் தேடுவார்கள். வேண்டாம். இயந்திரத்துக்கு முன்னால் பலகையைப் பிடித்தால் சத்தம் பலகையில் தெறித்துத் திரும்பிப் போய், இரண்டுக்கும் நடுவில் நின்று ஆடும். சட்டகம் எவ்வளவு வெறுமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 28 அங்குல சைக்கிள் றிம் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஏறக்குறைய 63 சென்ரிமீற்றர் அகலம், வளையாது, கம்பிகள் மெல்லியவை, காற்றும் ஒலியும் தாராளமாக ஊடே போகும். யாழ்ப்பாணத்தில் பழைய றிம் இல்லாத வீடு எது? நான் எடுத்தது அப்பாவின் சைக்கிளின் பின் சில்லு. ரயரையும் ரியூபையும் கழற்றிவிட்டு, கம்பிகளை அப்படியே விட்டேன். நடுவில் அச்சு இருக்கும் இடத்தில் போனைக் கட்டினால் கமரா சரியாக மையத்தில் நிற்கும்.

மைக்குகளை ஒழுங்கான சதுரக் கட்டங்களாக வைக்காதீர்கள். ஒரே இடைவெளி திரும்பத் திரும்ப வந்தால், அரை அலைநீளம் அந்த இடைவெளியைவிடக் குறையும் மீடிறன்களில் இல்லாத இடத்தில் பொய் மூலங்கள் தோன்றும். சூரியகாந்திப் பூவில் விதைகள் இருக்கும் ஒழுங்குதான் எனக்கு நன்றாக வந்தது. ஒவ்வொரு மைக்கையும் முந்தியதிலிருந்து 137.5 பாகை திருப்ப வேண்டும். மையத்திலிருந்து தூரம், மைக்கின் எண்ணை 16 ஆல் பிரித்து வர்க்கமூலம் எடுத்து, வெளி ஆரையால் பெருக்கினால் வரும். ஆரை 30 சென்ரிமீற்றர் என்றால் முதலாவது மைக் 7.5 இல், நாலாவது 15 இல், ஒன்பதாவது 22.5 இல், பதினாறாவது 30 இல். கம்பி சரியாக அந்த இடத்தில் ஓடாது. பக்கத்துக் கம்பியில் கட்டுங்கள். இடம் கொஞ்சம் மாறினால் பாதகமில்லை, மாறிய இடம் எது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கட்டி முடித்தபின் ஒவ்வொன்றின் குறுக்கையும் உயரத்தையும் மில்லிமீற்றரில் அளந்து எழுதுங்கள். அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுதான் அவத்தை, ஒரு முழு அலை 360 பாகை. 5 மில்லிமீற்றர் பிழை 1,000 ஹேர்ட்ஸில் 5 பாகை அவத்தைப் பிழை, பரவாயில்லை. 5,000 ஹேர்ட்ஸில் அது 26 பாகை, படம் கலங்கிவிடும்.

மைக்குகள் எல்லாம் ஒரே கடிகாரத் துடிப்பில் ஓட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. யூஎஸ்பி மைக் பதினாறை வாங்கி ஒரு லப்டொப்பில் செருகினால் ஒவ்வொன்றுக்கும் தன் தன் கடிகாரம், கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்கொன்று விலகிப் போய்விடும். செக்கனுக்கு 48,000 மாதிரி, அதாவது 48,000 தரம் ஒலியை அளந்து எடுக்கும்போது ஒரு மாதிரிக்குள் ஒலி 7 மில்லிமீற்றர்தான் நகர்கிறது. எங்கள் முழு வேலையும் அந்த மில்லிமீற்றர்களில்தான். நான் வாங்கியவை ஐசிஎஸ்-52000 என்ற இலக்க மைக்குகள். ஒரே தடத்தில் வரிசையாக 16 வரை சேரும், துடிப்பு எல்லாவற்றுக்கும் பொது. கம்பிகளை முடிந்தளவு கட்டையாக வையுங்கள். நீளமான கம்பியில் துடிப்பு உருக்குலைந்து பதிவில் "டிக் டிக்" என்று விழும்.

மைக்கின் வாய் ஊசித் துளை அளவுதான். மில்லில் மா பறக்கும். மெல்லிய வொயில் துணியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள், ஒலி தாராளமாகப் போகும், மா போகாது. மிளகாய் அரைக்கிற நாளில் போகவே வேண்டாம். கருவிக்கும் ஆகாது, கண்ணுக்கும் ஆகாது.

பிறகு ஒரு சோதனை. இதை ஒருநாளும் தவறவிடாதீர்கள். இயந்திரம் நிற்கும்போது, பார்க்கப்போகும் இடத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து இரைச்சலைப் போடுங்கள். படம் அந்த ஸ்பீக்கரைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஒரு மைக் இடம் மாறிக் கட்டப்பட்டிருக்கும், அல்லது இரண்டு தடங்கள் மாறியிருக்கும். என் முதல் நாளில் 6 உம் 9 உம் மாறியிருந்தன. இந்தச் சோதனை இல்லாவிட்டால் அது எனக்குத் தெரிந்திருக்காது.

பதிவெடுக்கும்போது

இயந்திரம் சுமையோடு ஓட வேண்டும். வெறுமனே சுற்றும் மில் வேறு இயந்திரம், அரிசி விழும் மில் வேறு இயந்திரம். அண்ணையின் மகன் ஒரே அளவில் அரிசி போட்டுக்கொண்டு நின்றான், நான் 30 செக்கன் பதிந்தேன். அதை 4,096 மாதிரி கொண்ட துண்டுகளாக, பாதிக்குப் பாதி மேற்படிய வெட்டினால் 700 துண்டு வரும். இத்தனை துண்டின் சராசரியில்தான் தற்செயலான சத்தங்கள் அமுங்கும்.

இயந்திரத்தை நிறுத்தி வெறும் சூழலையும் 30 செக்கன் பதியுங்கள். உங்களுக்கு வேண்டிய மீடிறனில் இரண்டுக்கும் 10 டெசிபல் வித்தியாசம் இருந்தால் சூழலை மறந்துவிடலாம். 3 டெசிபலுக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பதிவை வைத்து ஒன்றும் சொல்லாதீர்கள். சோளகம் வீசும் மாதங்களில் வாசல் கதவைச் சாத்துங்கள். காற்று நேரே மைக்கில் அடித்தால் பதிவு கெட்டுவிடும். கோயில் ஒலிபெருக்கி ஓடுகிற நேரத்தையும் விலக்குங்கள். நான் போனது காலை ஐந்தரைக்கு, ஆச்சியிடம் முதல்நாளே சொல்லிவிட்டு.

இன்னொன்று. ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறோம். சாரத்தோடு போகாதீர்கள். வயர்களை நிலத்தில் நாடா ஒட்டிப் பதியுங்கள். மூடியைக் கழற்றி இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும் எண்ணமே வரக்கூடாது. காதுக்கு அடைப்பான் போடுங்கள்.

கணக்கு என்ன செய்கிறது

விளங்காமல் பொத்தானை அமத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆகவே இதைச் சொல்கிறேன். தகட்டில் ஒரு புள்ளியை நினையுங்கள். அங்கிருந்து 3 ஆம் மைக்குக்கு 64 சென்ரிமீற்றர், 11 ஆம் மைக்குக்கு 78 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். வித்தியாசம் 14. ஒலி அதைக் கடக்க ஒரு செக்கனின் ஆயிரத்தில் 0.4 பங்கு, அதாவது 19 மாதிரி. 11 இன் பதிவை 19 மாதிரி முன்னுக்குத் தள்ளி 3 இன் பதிவோடு கூட்டுங்கள். சத்தம் உண்மையில் அந்தப் புள்ளியிலிருந்து வந்திருந்தால் மேட்டின்மேல் மேடு விழுந்து பெருகும். வேறு இடத்திலிருந்து வந்திருந்தால் மேடும் பள்ளமும் மோதிக் குறையும். பதினாறுக்கும் இப்படி. பிறகு 5 சென்ரிமீற்றர் தள்ளி அடுத்த புள்ளி. முழுத் தளத்துக்கும் செய்தால் ஒலியின் படம் கிடைக்கும். பில்லிங்ஸ்லி, கின்ஸ் என்ற இருவர் 1976 இல் ஒலித் தொலைநோக்கி என்று எழுதியது இதைத்தான். கொன்கோர்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினை அப்படி ஆராய்ந்தார்கள்.

நீங்களே நிரல் எழுதலாம். இல்லாவிட்டால் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான அகூலர் என்ற மென்பொருள் இருக்கிறது. பைத்தனில் ஓடும், இலவசம். மைக்குகளின் இடங்களை ஒரு கோப்பில் கொடுத்து, தளத்தின் தூரத்தைக் கொடுத்து, மீடிறன் பட்டையைத் தெரிவு செய்ய வேண்டும். மைக்குகளைச் சோடி சோடியாக ஒப்பிடும் அட்டவணையில் மூலைவிட்டத்தை நீக்கும் தெரிவு இருக்கும், அதைப் போடுங்கள். ஒரு மைக் தன்னோடு தானே ஒப்பிடப்படுவது அந்த மூலைவிட்டத்தில்தான், காற்றடிப்பும் மின் இரைச்சலும் அங்கேதான் தங்கியிருக்கும். ஒலியின் கதியை அன்றைய வெப்பநிலைக்கு மாற்ற மறக்காதீர்கள்.

படத்தைப் படித்தல்

படம் வந்தவுடன் மனம் குதிக்கும். நிறம் நிறமாக, அழகாக இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். 16 மைக்குகள் வைத்தால் உச்சத்திலிருந்து 8, 10 டெசிபல் கீழே தெரிவதெல்லாம் கணக்கின் மிச்சமாக இருக்கலாம். நான் மேல் 6 டெசிபலை மட்டும் நிறத்தில் காட்டி மற்றதை வெறுமையாக விடுகிறேன்.

என் முதல் படத்தில் இரண்டு பொட்டு இருந்தது. ஒன்று பெல்ட் மூடியில், மற்றது அதற்கு வலப்பக்கம் வெறும் சுவரில். சுவர் சத்தம் போடாது. அது தெறிப்பு. ஆனால் எல்லாத் தெறிப்பும் இப்படி வெறும் சுவரில் வந்து தன்னைக் காட்டிக்கொடுக்காது, சில நேரம் மோட்டரின்மேல் வந்து விழும். கண்டுபிடிக்க றிம்மை 30 சென்ரிமீற்றர் பக்கவாட்டில் நகர்த்தித் திரும்ப எடுங்கள். உண்மையான மூலம் அதே பொருளில் ஒட்டியிருக்கும். தெறிப்பின் பொட்டு வழுகும், ஏனென்றால் அதன் மூலம் கண்ணாடிப் பிம்பம் மாதிரிச் சுவருக்கு அப்பால் இருக்கிறது. பிறகு அண்ணையிடம் வெறும் சாக்குகள் வாங்கிச் சுவரில் மூன்று மடிப்பாகத் தொங்கவிட்டேன். சுவர்ப் பொட்டு மங்கியது, மூடியின் பொட்டு அப்படியே நின்றது. மோட்டரில் 1,250 இல் ஒன்றுமே இல்லை.

கிட்டப் போய் அளத்தல்

மூடி என்று தெரிந்தாயிற்று. ஆனால் 90 சென்ரிமீற்றர் நீளமான தகட்டில் எந்த இடம்? தூரத்திலிருந்து இதற்குமேல் பிரிக்க முடியாது. நுணுக்கமான விபரம் மேற்பரப்பை விட்டு வெளியே வந்தவுடன் சில சென்ரிமீற்றருக்குள் செத்துவிடும் அலைகளில் இருக்கிறது. அதைப் பிடிக்க மைக்கைத் தகட்டுக்கு மிகக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். மேனார்ட், வில்லியம்ஸ், லீ என்ற மூவர் 1985 இல் விரிவாக எழுதிய அண்மைப்புல ஒலி ஹொலோகிராபி இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. முழுக் கணக்கையும் செய்யாவிட்டாலும், கிட்ட எடுத்த அளவீடே எங்கள் வேலைக்குப் பெரும்பாலும் போதும்.

இயந்திரம் ஒரே சீராக ஓடினால் மைக் நிறைய வேண்டியதில்லை. ஒரு மரச் சட்டத்தில் 8 மைக்குகளை 6 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நிறுத்தினேன். இன்னொரு மைக்கை அசையாமல் மூடிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்தேன், அதுதான் சாட்சி. சட்டத்தைத் தகட்டிலிருந்து 6 சென்ரிமீற்றர் தள்ளி வைத்து 20 செக்கன் பதிவு, பிறகு 6 சென்ரிமீற்றர் நகர்த்தித் திரும்பவும். தகட்டுக்கு வெளியேயும் இரு பக்கமும் இரண்டு இரண்டு நிலை, எல்லாமாக 20 நிலை. ஒவ்வொரு பதிவின் அவத்தையையும் சாட்சி மைக்கோடு ஒப்பிட்டால், வேறு வேறு நேரத்தில் எடுத்தவை ஒரே நேரத்தில் எடுத்தது போலப் பொருந்தும். தகட்டில் சோக்கால் கோடு கீறி, சட்டத்தின் அடி அந்தக் கோட்டில் நிற்கும்படி பார்த்தேன். ஒரு மணித்தியாலம் எடுத்தது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சாட்சி மைக் உங்கள் சத்தத்தை உண்மையில் கேட்க வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூலங்கள் இருந்தால் ஒரு சாட்சி காணாது, ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் ஒன்று வேண்டும்.

மைக் இரண்டே இரண்டுதான் இருக்கிறது என்றாலும் வழி இருக்கிறது. முகத்துக்கு முகம் 12 மில்லிமீற்றர் இடைவெளியில் வைத்தால் ஏறக்குறைய 5,000 ஹேர்ட்ஸ் வரை ஒலிச் செறிவை, எந்தத் திசையில் சக்தி போகிறது என்பதோடு சேர்த்து அளக்கலாம். 50 மில்லிமீற்றர் என்றால் 1,250 வரைதான், ஆனால் தாழ்ந்த மீடிறனில் அது திறம். இரண்டு மைக்கின் அவத்தை கொஞ்சம் பொருந்தாவிட்டால், இடம் மாற்றி ஒருமுறை அளந்து இரண்டையும் சராசரி எடுங்கள், பிழை ஒன்றையொன்று தின்றுவிடும்.

மூடியின் படம் என்ன காட்டியது தெரியுமா? கைக்கு ஆகக் கூட நடுங்கிய நடுப்பகுதி 1,250 இல் அநேகமாக அமைதி. சத்தம் முழுவதும் கீழ் ஓரத்தில், இடது மூலையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு. ரோர்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். அந்த மூலைப் பிடியின் நட்டு கழன்று விழுந்து எத்தனை நாளோ, தகட்டின் ஓரம் இரும்புச் சட்டத்தில் தட்டித் தட்டி அந்த இடத்தில் பூச்சு உரிந்து பளபளவென்று மின்னியது.

உறுதிப்படுத்தி, பிறகு திருத்துதல்

படத்தை மட்டும் நம்பிக் காசு செலவழிக்கச் சொல்லாதீர்கள். முதலில் மூடிப் பாருங்கள். ஒரு தடித்த றபர் விரிப்பை மூடியின் வெளிப்பக்கம் இறுக்கிக் கட்டி மதிலடியில் அளந்தேன், 5 டெசிபல் இறங்கியது. இந்த எண்ணுக்கு ஒரு விளக்கம் வேண்டும். ஒரே அளவான இரண்டு மூலங்களில் ஒன்றை முழுதாக நிறுத்தினாலும் 3 டெசிபல்தான் குறையும். 5 குறைந்தால் மொத்தச் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு அந்தத் தகட்டிலிருந்து வந்திருக்கிறது என்று அர்த்தம்.

திருத்தத்துக்கு வந்தால், புது நட்டுப் போடுவது முதல் வேலை. அதோடு நிற்கவில்லை. முழுத் தகட்டுக்குப் பதிலாக விரல் நுழையாத கண் அளவில் கம்பி வலை மூடி செய்யச் சொன்னேன். வலையில் இரு பக்கக் காற்றும் கண்களுக்கூடாக ஒன்றோடொன்று கலந்துவிடும், முன்னே சொன்ன அந்த ஈடுசெய்தல் முழு மூடிக்கும் கிடைக்கும். நடுங்கினாலும் சத்தம் எழும்பாது. பிடிகளுக்கு அடியில் றபர் வளையம் போட்டோம். சுன்னாகத்தில் ஒரு வெல்டிங் கடையில் அரை நாளில் செய்து தந்தார்கள், மோட்டர் கட்டுவதற்கு ஆகும் காசில் சிறு பங்குதான் முடிந்தது.

முன்பு நின்ற அதே இடத்தில் றிம்மை நிறுத்தித் திரும்பப் படம் எடுத்தோம். மூடி மறைந்துவிட்டது. இப்பொழுது முதலிடத்தில் மா விழும் தகரக் குழாய் நின்றது, முன்பு அதைவிடப் பெரிய சத்தம் மறைத்திருந்தது. அண்ணை ஒரு பழைய ரியூபைக் கிழித்து அதன் வெளிப்பக்கம் சுற்றி ஒட்டினார், மதிலடியில் இன்னும் 2 டெசிபல். 100 ஹேர்ட்ஸ் முனகல் இன்னும் இருக்கிறது. அதற்கு அடித்தளத்தில் றபர் வைக்க வேண்டும், தைப்பொங்கல் கழிய மில்லை இரண்டு நாள் நிறுத்தும்போது செய்வோம் என்று பேசி வைத்திருக்கிறோம். ஆச்சி மதிலடிக்கு வந்து, "மேனே, இப்ப ஓடுதோ, நிக்குதோ?" என்று கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.